மார்கழி சர்வீஸ்

எங்கள் எதிர்வீட்டு மாமிக்கு என்மேல் அபார மரியாதை. அதற்குக் காரணம் எங்கள் ஹால் விளக்கு. மார்கழி பாதி தாண்டியதும், விடியற்காலை நாலரைக்கெல்லாம் அது எரிய ஆரம்பித்துவிடும். மாமி கோலமாவு டப்பாவோடு வாசலுக்கு வரும்போது எங்கள் ஜன்னலில் வெளிச்சம் தெரியும். நடுநடுவே உள்ளேயிருந்து "பெருமாளே... பெருமாளே..." என்று உருகும் ஒரு குரலும் கேட்கும்.

"இந்தக் காலத்துல எந்த ஆம்பளை சார் நாலரைக்கு எழுந்து பகவானைக் கூப்பிடறா?" என்று ஒருநாள் லிஃப்டில் சொன்னார். நான் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். குற்ற உணர்ச்சியும் அடக்கமும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. மறுநாளிலிருந்து கோயில் வெண்பொங்கல் ஒரு தொன்னை எனக்கும் வரத் தொடங்கியது.

உண்மை வேறு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பகல் 12 மணி என்றால் மேற்கு மாம்பலத்தில் விடியற்காலை 4.30. நான் பெருமாளைக் கூப்பிட்டது, எனக்குப் பிடித்த ஆட்டக்காரர் 30–40 என்ற நிலையில் இரண்டாவது சர்வீஸ் போடப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

"அந்தப் பொங்கலைச் சாப்பிட உங்களுக்கு மனசு கூசலையா?" என்றாள் மனைவி.

"கூப்பிட்டது பெருமாளைத்தானே? அதுல பொய் இல்லையே" என்றேன். முந்திரியை அவளுக்குக் கொடுத்து வழக்கை முடித்தேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு. ஒன்று மனைவியின் பாம்புப் பஞ்சாங்கம். மற்றது நானே கோடு போட்டுத் தயாரித்தது. ஆக்லாந்து நமக்கு ஏழரை மணி நேரம் முன்னால். சிட்னி, மெல்போர்ன் ஐந்தரை. அடிலெய்டு ஐந்து. பிரிஸ்பேன் நாலரை, அங்கே கோடையில் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும் வழக்கம் கிடையாது. பெர்த்தும் ஹாங்காங்கும் இரண்டரை. ஆஸ்திரேலியா என்ற ஒரே நாட்டுக்குள் கோடையில் பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் மூன்று மணி நேரம் வித்தியாசம். ராகு காலம், எமகண்டம் பார்ப்பவர்களைக் கேலி செய்தே வளர்ந்தவன் நான். இப்போது அடிலெய்டு காலம், ஆக்லாந்து காலம் பார்த்துத்தான் பல் தேய்க்கிறேன்.

டென்னிஸ் உலகத்துக்குப் பொறுமை கிடையாது. நவம்பர் கடைசியில் டேவிஸ் கோப்பையோடு கடையைச் சாத்துவார்கள். ஆறு வாரம்கூட ஆகியிருக்காது, ஷட்டர் மறுபடியும் மேலே போய்விடும். ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக நாட்டுக்காக ஆடும் யுனைடெட் கோப்பை 2023 சீசனுக்காக அறிமுகமானது. புது ஆண்டின் அந்தப் போட்டி பழைய ஆண்டின் டிசம்பரிலேயே ஆரம்பித்துவிடும் அதிசயத்தைப் பார்த்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடியை ஆனியிலேயே தொடங்கும் தி.நகர்க் கடைக்காரர்களிடம் பாடம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது.

மெல்போர்னுக்கு முன்னால் வரும் இந்தச் சின்னப் போட்டிகளை நான் திருப்புதல் தேர்வு என்பேன். பொதுத்தேர்வு ஜனவரி நடுவில், ஆஸ்திரேலிய ஓப்பன். அதற்கு முன் பிரிஸ்பேன், ஹாங்காங், அடிலெய்டு, ஆக்லாந்து. திருப்புதல் தேர்வுக்கு உண்டான எல்லா லட்சணங்களும் இங்கேயும் உண்டு. ஜெயித்தவர் "நல்ல ஃபார்மில் இருக்கிறேன்" என்பார். தோற்றவர் "பயிற்சிக்காகத்தான் ஆடினேன்" என்பார். என் பள்ளிக்கூட நாட்களில் கணக்கில் 31 வாங்கிவிட்டு அப்பாவிடம் நானும் இதையே சொன்னேன். அவர் பத்திரிகையாளர் இல்லை என்பதால் ஏற்றுக்கொள்ளவில்லை.

இதில் ஒரு மொய்க் கணக்கும் உண்டு. ஒரு போட்டியில் வாங்கும் தரவரிசைப் புள்ளிகளுக்கு 52 வாரம்தான் ஆயுள். ஆஸ்திரேலிய ஓப்பன் பட்டத்துக்கு 2,000, ஆக்லாந்தில் ஆண்கள் பட்டத்துக்கு 250. போன ஜனவரியில் வாங்கியதை இந்த ஜனவரியில் மறுபடி ஆடித்தான் ஈடுகட்ட வேண்டும். இல்லையென்றால் நோட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். ஆகவே போன ஆண்டு அமோகமாக ஜெயித்தவருக்குத்தான் ஜனவரியில் வயிற்றைக் கலக்கும். முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனவர் திருப்பிச் செய்ய மொய்யே இல்லாத மனிதர்போலக் கைவீசி நடப்பார்.

நான் உருகுவது 'லக்கி லூசர்' என்கிற ஜீவனுக்காக. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர் அவர். ஆனாலும் ஊருக்குக் கிளம்ப மாட்டார். மெயின் டிராவில் யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால் அந்த இடம் இவருக்கு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்தவர் முதுகைப் பற்றி அக்கறையோடு விசாரித்தபடி காத்திருப்பார். தீபாவளிக்கு முதல் நாள் எழும்பூரில் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு நின்ற எவருக்கும் அந்த முகம் தெரிந்த முகம்தான்.

ஜனவரி டென்னிஸ் எனக்குத் தொற்றியது ஆஸ்திரேலியாவிலிருந்து அல்ல, நுங்கம்பாக்கத்திலிருந்து. 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் அங்கேதான் நடந்தது. அதில் பெரும்பாலான ஆண்டுகளில் ஜனவரி முதல் வாரம் அதற்கென்றே எழுதி வைத்தது. உலக ஆட்டக்காரர்கள் தங்கள் திருப்புதல் தேர்வை எழுத, எங்கள் வீட்டிலிருந்து இரண்டே ஸ்டேஷன் தள்ளி வந்து உட்காருவார்கள். கண்காணிப்பாளர்போல நானும் போய்விடுவேன். கையில் என் கணிப்பு நோட்டு. டிரா வந்ததும் இறுதி ஆட்டம்வரை யார் யாரை வெல்வார் என்று பென்சிலால் எழுதிவிடுவது என் வழக்கம். வங்கியில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கணக்குத்தான் டேலி ஆகாது.

2008ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அரையிறுதியில் நடாலும் மோயாவும். இருவருமே மயோர்காத் தீவுக்காரர்கள். மோயா சென்னையில் ஏற்கெனவே இரண்டு முறை பட்டம் வாங்கியவர். முதல் செட்டை டை பிரேக்கில் மோயா எடுத்தார். "அவ்வளவுதான், நடால் கதை முடிந்தது" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் தீர்ப்பு வழங்கிவிட்டு, கூட்டம் வெளியே வருவதற்குள் கிளம்பினேன். நுங்கம்பாக்கத்தில் மின்சார ரயில், கோடம்பாக்கம், மாம்பலம், நடை, கை கால் கழுவல், ரசம் சாதம். டி.வி.யைப் போட்டால் ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! மேட்ச் பாயிண்டுகளிலிருந்து தப்பித்து, மூன்று செட்டும் டை பிரேக் வரை போய், 3 மணி 54 நிமிடம் கழித்து நடால் ஜெயித்தார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன், மோர் சாதத்தைப் பிசைந்தபடி மீதியை டி.வி.யில் பார்த்தேன்.

மறுநாள் இறுதி ஆட்டத்துக்கு வைராக்கியத்தோடு போனேன். எது நடந்தாலும் கடைசிவரை எழுந்திருப்பதில்லை என்று சபதம். நோட்டில் 'நடால், மூன்று செட்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். முந்தைய நாள் ஓடிய ஓட்டத்தில் அவர் கால்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தன. எதிரே ஆடிய யூஸ்னி 6–0, 6–1 என்று முடித்துவிட்டார். நான் சமோசா வாங்கித் திரும்பியபோது ஒரு செட் காணாமல் போயிருந்தது.

2014இல் இன்னும் விசேஷம். வாவ்ரிங்கா இங்கே பட்டம் வென்றார். 'திருப்புதல் தேர்வில் முதல் மார்க் வாங்குபவன் பொதுத்தேர்வில் வாங்க மாட்டான்' என்று நோட்டில் தத்துவம் எழுதி வைத்தேன். அதே மாதம் அவர் மெல்போர்னில் இறுதி ஆட்டத்தில் நடாலையே வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். 2017இல் மெல்போர்னுக்கு ஆறு மாத ஓய்வுக்குப் பிறகு 35 வயதில் வந்த ஃபெடரருக்கு '3ஆம் சுற்று' என்று பெரிய மனதோடு இடம் ஒதுக்கினேன். அந்தப் பட்டம் அவருக்கு. அடுத்த ஆண்டு சென்னை ஓப்பனே புனேவுக்குப் போய்விட்டது. அதை மட்டும் நான் கணிக்கவே இல்லை. 2022 செப்டம்பரில் மகளிர் போட்டி ஒன்று நுங்கம்பாக்கத்துக்கு வந்தது. சந்தோஷமாகப் போய்ப் பார்த்தேன். ஆனால் செப்டம்பரில் வரும் விருந்தாளிக்குப் பொங்கல் சீர் கொடுக்க முடியுமா?

ஆகையால் தை பிறந்தால் மெல்போர்ன் என்று ஆகிவிட்டது. அந்தப் போட்டியே ஜனவரிக்குப் பழக அல்லாடியிருக்கிறது. 1977இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று ஒரே ஆண்டில் இரண்டு நடத்தினார்கள். பிறகு டிசம்பரிலிருந்து மறுபடி ஜனவரிக்கு நகர்ந்ததில் 1986இல் ஒன்றுமே இல்லை. அதிக மாதத்தைக் கண்டுபிடித்த நம் முன்னோரிடம் கேட்டிருந்தால் பரிகாரம் சொல்லியிருப்பார்கள்.

அங்கே அப்போது அக்கினி நட்சத்திரம். 2014இல் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நாட்கணக்கில் நின்றது. கனடாவின் ஃபிராங்க் டான்செவிச் மைதானத்தில் மயங்கி விழுவதற்கு முன், கார்ட்டூன் நாய் ஸ்னூப்பி தன் கண்ணுக்குத் தெரிந்ததாகச் சொன்னார். ஆட்டக்காரர்கள் கழுத்தில் ஐஸ் துண்டு கட்டி ஆடுவதை, மாம்பலத்துத் தை மாதக் குளிருக்கு அஞ்சி மங்கி கேப்பும் மஃப்ளரும் மாட்டிக்கொண்டு நான் பார்ப்பேன். நடுவில் இருக்கும் டி.வி.க்குத்தான் எந்தப் பருவம் என்று குழப்பம்.

2023இல் முர்ரேவும் கொக்கினாகிஸும் ஆடிய ஆட்டம் 5 மணி 45 நிமிடம் போய், அங்கே விடியற்காலை 4.05க்கு முடிந்தது. நமக்கு இரவு 10.35தான். அந்த ஊர் ரசிகர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நான் பால் குடித்துவிட்டுப் படுத்தேன். உலகத்தில் இந்தியாவுக்கென்று வாய்த்த சில வசதிகளில் இதுவும் ஒன்று.

நம்மவர் கதையும் ஜனவரியில்தான் நடக்கிறது. 1989இல் நம்ம ரமேஷ் கிருஷ்ணன், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த நடப்புச் சாம்பியன் விலாண்டரை மெல்போர்னில் நேர் செட்டுகளில் அனுப்பி வைத்தார். கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் ஒற்றையரில் ஒரு சீடு ஆட்டக்காரரை இன்னொரு இந்தியர் வீழ்த்த 35 ஆண்டுகள் ஆயின. 2024இல் சுமித் நாகல், தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து புப்ளிக்கை வென்றார். அதே மெல்போர்னில், அதே மாதத்தில் ரோஹன் போபண்ணா 43 வயதில் இரட்டையர் பட்டம் வென்று உலகின் முதலிடத்துக்கும் போனார். அந்த உற்சாகத்தில் நான் பரணில் கிடந்த ராக்கெட்டை எடுக்க ஸ்டூல்மேல் ஏறினேன். டாக்டர் பார்த்துவிட்டு டென்னிஸ் எல்போ என்றார். டென்னிஸ் ஆடாமலே அது வரும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

இதோ, மறுபடி டிசம்பர். புது நோட்டுக்கு அட்டை போட்டாகிவிட்டது. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன். முதல் பந்து விழும்வரை எல்லா ஆட்டக்காரர்களும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவர்கள். என் கணிப்பும் அதுவரை நூற்றுக்கு நூறு. இந்தச் சில நாள் நிம்மதிக்காகவே ஒவ்வொரு வருஷமும் நோட்டு வாங்குகிறேன்.

நேற்று லிஃப்டில் மாமி கேட்டார்: "இந்த வருஷம் எப்ப சார் ஆரம்பம்?"

"மார்கழி எப்பவும் போல டிசம்பர் நடுவுலதான் மாமி" என்றேன் பவ்யமாக.

"அது எனக்குத் தெரியாதா? பிரிஸ்பேன் எப்பன்னு கேட்டேன்."

லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டியது. எனக்கு நாக்கு எழவில்லை.

"நீங்க பெருமாளேங்கறதுக்கு முன்னாடி டபுள் ஃபால்ட்டுங்கறேளே, அது காதுல விழாதா? எனக்கும் கோலம் போட்டு முடியற வரைக்கும் நன்னாத்தான் பொழுது போறது." கதவு திறந்ததும் மாமி வெளியே போய்த் திரும்பினார். "பொங்கல் வழக்கம்போல வரும். ஆனா டி.வி.யைக் கொஞ்சம் சத்தமா வையுங்கோ சார். ஸ்கோர் சரியாவே கேக்க மாட்டேங்கறது."