அணையாத அடுப்பு

கேள்வி: ஒருவேளைச் சோறு போட்டால் வறுமை ஒழிந்துவிடுமா? தர்மத்தை நம்பி என்ன பயன்?

பதில்: ஒழியாதுதான். ஆனால், வறுமை ஒழியும்வரை பொறுத்திருக்க வயிறு சம்மதிக்காதே! 1867-ல் வடலூர் தருமச்சாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. வருபவரிடம் சாதி, மதம் கேட்பதில்லை. சோறு பரிமாறுகிறார்கள். வள்ளலார் 1874-ல் மறைந்தார். அதன்பிறகும் பேர் சொல்லிக்கொள்ளாத எத்தனையோ பேர் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மனிதர்கள்மேல் நம்பிக்கை வர எனக்கு இந்தச் சான்று போதும். ‘இது அரசின் வேலையல்லவா?’ என்பீர்கள். நியாயம்தான். 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஊர்மக்களின் நன்கொடையும் சேர்ந்துதான் பள்ளிப் பிள்ளைகளின் தட்டு நிறைந்தது. ஈகை அங்கே அரசின் கடமைக்குத் தோள்கொடுத்தது. இந்த மாத மளிகையில் ஒரு கிலோ அரிசி கூடுதலாக வாங்கி, பக்கத்து அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.