மாம்பழ மஞ்சள், கருப்பு கோர்வை

ஆரணியில் ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும் முன்னே தெருவுக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. பாவு நீட்டுகிறவர்கள் ஒன்று. தலை முதல் கால் வரை இலைதழை அச்சடித்த உடுப்பும் தோளில் ட்ரைபாடுமாக அந்தப் பாவுக்குக் கீழே குனிந்து போகிற பட்டு முதலாளி இன்னொன்று. "மொதலாளி, பாவு! பாவு!" என்று நெசவாளர்கள் அலறுவார்கள். ட்ரைபாட் கால் மாட்டி இழைகள் அறுந்தால், உட்கார்ந்து பிணைக்கப் போவது அவர்கள்தானே.

இவரை லென்ஸ்காரர் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் விலையை ரூபாயில் சொல்ல மாட்டார். வீட்டம்மா காதில் விழுந்துவிடும். "கல்யாணப் பட்டு எட்டு" என்பார். கூட்டாளிகள் மூன்று பேர், ஒரு பொலேரோ, ஒரு ஃப்ளாஸ்க் டீ. போகிற இடங்களும் பழகியவைதான்: பூசிமலைக்குப்பத்துக் கண்ணாடி மாளிகைக் காடு, படவேட்டைத் தாண்டிச் செண்பகத்தோப்பு அணை, கொஞ்சம் தைரியம் வந்தால் ஜவ்வாது மலை. மலைக்குப் போய்வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கரடிப் படம் உண்டு. அதில் பொலேரோவின் உள்கூரையும் யாரோ ஒருவரின் முழங்காலும் தெளிவாகத் தெரியும்.

பறவைகளின் பெயர் இவருக்கு வராது. ஷேடு வரும். மாங்குயிலைப் பார்த்தால், "மாம்பழ மஞ்சள் உடல், கருப்பு கோர்வை" என்று மூச்சை அடக்கிக்கொண்டு சொல்வார். வெண்மார்பு மீன்கொத்தி என்றால் ஆனந்தா ப்ளூ, தலைக்குக் காப்பிக்கொட்டை. பஞ்சுருட்டான் கிளிப்பச்சை. கூட்டாளிகளும் அதே தொழில் என்பதால் இது போதும். எந்தக் கிளையில் எது உட்கார்ந்திருக்கிறது என்று நொடியில் புரிந்துவிடும். அன்னப்பட்சி, இருதலைப்பட்சி, யாளி ஆகியவற்றின் அங்க லட்சணங்கள் மட்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தக் காட்டிலும் இல்லாத பிராணிகள் அவை என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை.

உடுப்பு இலையாக இருந்து என்ன பயன்? ஏரிக்கரையில் கால் வைத்ததுமே ஆள்காட்டி எழும்பிக் கத்தி ஊரைக் கூட்டிவிடும். கொக்கு, நாமக்கோழி எல்லாம் விலகிப் போன பிறகு, எருமை மேய்க்கிற பெரியவர் மட்டும் நிற்பார். "இன்னா சார், கரிச்சானா தேடுற? அது தெனைக்கும் எங்க எருமை மேல குந்திக்கினு வரும். நீ எதுக்கு புதர்ல படுத்துக்கினுகீற?"

பொறுமை இல்லாத கூட்டாளி ஒருவர் கைப்பேசியில் பறவைக் குரலை ஓடவிடுவார். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டு அது பாய்ந்து வரும். இவர்கள் நூறு படம் எடுப்பார்கள். நம் லென்ஸ்காரர் இதைச் செய்வதில்லை. தர்மம் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கோபத்தில் சிலிர்த்த பறவைக்கு மடிப்பு சரியாக விழாது என்பது அவர் கட்சி.

பூசிமலைக்குப்பத்தில் ஒருநாள் மயில் கிடைத்தது. நீலப் பாவும் பச்சை ஊடையுமாக மயில்கழுத்து நெய்துவரும் குடும்பம் அல்லவா? ஏற இறங்கப் பார்த்தார். "ஷேடு கம்மியா இருக்கு." மயில் கழுத்தில் நீலச் சாயமே கிடையாது, இறகின் நுண்ணிய அமைப்பில் பட்டு வெளிச்சம் பிரிவதால் வருகிற நிறம் அது என்று கல்லூரிப் பையன் ஒருவன் சொன்னான். இயற்கையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அப்போதுதான் பிறந்தது: "சாயமே இல்லாமலா? அந்த நூல் எங்க தம்பி கிடைக்கும்?"

வருஷத்துக்கு ஒருமுறை வேடந்தாங்கல். சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட, செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் 1798இலேயே தடை எழுதிக் கொடுத்த ஏரி அது. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊராருக்குத் தெரியும். லென்ஸ்காரர் கோபுரத்தில் ஏறி மஞ்சள்மூக்கு நாரையைப் பார்த்ததும் கைகூப்பிவிட்டார். "வெள்ளை உடம்பு, முந்தியில மட்டும் ரோஸ். எவன்டா டிசைனர்?"

மா. கிருஷ்ணனின் (1912–1996) யானைப் படங்களை ஒருவர் காட்டினார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கருவியோடு காடு காடாக நடந்தவர். எல்லாம் கருப்பு வெள்ளை. லென்ஸ்காரர் மரியாதையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லா இருக்கு. கலர்ல எதுனா இருக்கா?"

வீட்டுக்கு வந்ததும் ஷேடு கார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் நிறம் ஏற்றுவார். பாவம், பறவையைச் சாயக்காரன் ஏமாற்றிவிட்டதாக நினைப்பு. பிறகு மூலையில் தன் பெயர். அப்படித்தான் அந்த மாங்குயில் வாட்ஸ்அப்பில் புறப்பட்டது. நான்கே நாளில், பெயர் இருந்த மூலை வெட்டப்பட்டு, "இனிய காலை வணக்கம்" என்ற வரியோடு சொந்த மாமியாரிடமிருந்தே திரும்பி வந்தது.

கடையில் குதித்தார். "நாலு மணிக்கு எழுந்து, அட்டை கடி பட்டு எடுத்தது நான். எவனோ பேரை அறுத்துட்டான்!"

கல்லாவில் இருந்த அப்பா மூக்குக்கண்ணாடியை இறக்கினார். எதிரே மூன்று அட்டைப்பெட்டிகள், ஆரணித் தறியில் அறுத்த சேலைகள், வெளியூர்க் கடைக்குப் போகக் காத்திருந்தன. "இதெல்லாம் அங்க போனதும் காஞ்சிபுரம் பட்டு ஆயிடும். புவிசார் குறியீடு வாங்கியும் அதே கதைதான். நான் யார்கிட்டடா போய்க் குதிக்கிறது? பில்லைப் போடு."

பில்லைப் போட்டார். அடுத்த ஞாயிறு வந்த பனங்காடையின் வயிற்றில், யாரும் வெட்ட முடியாதபடி குறுக்காக, ஜரிகை நிறத்தில் பெயர் இருந்தது. சிறகு விரிந்த நீலத்தில் பாதியை மறைத்துக்கொண்டு, அதைவிடப் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயரும்.