முதுகுப் பக்கத்து அபிநயம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு அருகில் ஒரு விவாகம். 'காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்' என்று பத்திரிகையில் அச்சிட்டிருந்த முகூர்த்தத்தை மதித்து, இருட்டோடு எழுந்து ஸ்நானம் செய்து, ஜரிகை வேஷ்டியை உடுத்திக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரைச் செலுத்திய நான், திருமாங்கல்ய தாரணத்தைப் பார்க்கவில்லை, அட்சதை போடவில்லை, நீலாங்கரை தொடங்கி முட்டுக்காடு வரையில் முப்பது கனவான்களுடைய பிருஷ்ட பாகத்தை மட்டும் இடைவிடாமல் தரிசனம் செய்துவிட்டு, கெட்டி மேளம் ஓய்ந்து பந்தியில் பொங்கலும் தீர்ந்துபோன சமயத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். பெண்ணின் தகப்பனார், "என்ன ஸார், டிராஃபிக்கா?" என்று விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் டிராஃபிக் என்றால் எந்த மனுஷன் நம்புவான்? பேசாமல் மொய்க் கவரை அவர் கையில் வைத்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருடைய வீட்டுக் கொடியில் இந்த நிமிஷம் பஞ்சு வைத்துத் தைத்த கறுப்பு நிஜார் ஒன்று உலர்ந்துகொண்டிருக்கும் என்பதை நான் அறிவேன். ஆகையால் அதிகமாக விஸ்தரிக்கப் போவதில்லை. சைக்கிள் கோஷ்டிகளும் கார் வைத்திருப்பவர்களும் மனஸ்தாபமின்றி ஒரே சாலையை அனுபவிப்பதற்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. சர்க்காருக்குக் காலணாச் செலவில்லாத யோசனை. அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன். அதற்கு முன்னால், அந்தக் கோஷ்டியாருடைய கைகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

மார்கழி மாதத்துச் சபாக்களில் எந்நாளும் தூணுக்குப் பின்னால்தான் இடம் கிடைக்கும் என்ற பிராப்தத்தோடு பிறந்த எனக்கு, அன்றைய தினம் முதல் வரிசை ஆசனம், அதுவும் ஏர்கண்டிஷன் வசதியுடன் கிடைத்தது. நாட்டிய இலக்கண நூலான அபிநய தர்ப்பணத்தில் நந்திகேசுவரர் ஒற்றைக்கை முத்திரைகளாக 28-ஐ வகுத்திருக்கிறார். அவற்றுள் பலவற்றை, முதுகைக் காட்டிக்கொண்டே, ஒரு கையால் ஹாண்டில் பாரைப் பிடித்தபடி, மறு கையால் செய்து காட்டுகிற வித்துவான்களை அன்றுதான் கண்டேன். முன்னால் போகிறவர் ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டித் தரையைச் சுட்டினால் அது சூசி. பள்ளம் வருகிறது என்று பொருள். விரல்களையெல்லாம் மடக்கி முதுகுக்குப் பின்னால் உயர்த்தினால் முஷ்டி; நிற்கப் போகிறார்கள். உள்ளங்கையை விரித்துத் தரையை நோக்கி அசைத்தால் பதாகை. ஜல்லியோ கண்ணாடித் தூளோ சிதறிக் கிடக்கிறது. ஓரத்தில் ஒரு வேன் நின்றிருந்தால், இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வலப்பக்கமாக வீசுகிறார்களே, அதற்கு என்ன பெயர் என்று யோசித்து யோசித்து நான் ஈஞ்சம்பாக்கத்தைத் தாண்டியதே தெரியவில்லை. அதற்குமேல் ஒன்று இருக்கிறது. முதலில் போகிறவர் களைத்துப்போனால், முழங்கையை மட்டும் கோழி இறக்கை போல ஒரு வெட்டு வெட்டுகிறார். பின்னால் இருப்பவர் முன்னே வந்து காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தமாம். முழங்கைக்கு நந்திகேசுவரர் இடம் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. சம்பிரதாயத்தை மீறிய இந்தப் புதுமையை எந்த விமரிசகரும் இதுவரை கண்டிக்காதது ஆச்சரியம்.

முத்திரை ஒருவரோடு நிற்பதில்லை என்பதுதான் இதில் விசேஷம். முதலாமவர் காட்டியதை இரண்டாமவர், இரண்டாமவர் காட்டியதை மூன்றாமவர் என்று அது வரிசையாக இறங்கிக் கடைசி ஆசாமியை அடைவதற்குள் பள்ளம் எங்கோ பின்தங்கிவிடுகிறது. ஆனாலும் அவர் கடமை தவறாமல், சமதரையாக இருக்கிற தார்ச் சாலையைச் சுட்டிக் காட்டுகிறார். அந்த விரலையும், அவருடைய சட்டையின் முதுகுப் பையிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டு ஏலக்கி வாழைப்பழங்களையும், நிமிஷத்துக்கு நூறு தரம் கண் சிமிட்டிய அவருடைய சிவப்பு விளக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த என் காரின் இடதுபக்கச் சக்கரம் வேறொரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சூசி அவர்களுக்கு, பள்ளம் எனக்கு.

சரி, ஹாரன் அடிக்கலாமே என்பீர்கள். அடித்தேன். "கார் பேக்!" என்று கடைசி ஆசாமி கூவினார், "கார் பேக்!" என்று நடுவிலிருந்தவர்கள் எதிரொலித்தார்கள், "கார் பேக்!" என்று முன்வரிசையிலிருந்து தீனமாக ஒரு குரல் வந்தது. என் வருகையை இவ்வளவு மரியாதையாக என் சொந்த ஆபீஸில்கூட அறிவித்ததில்லை. அறிவித்தார்களே ஒழிய, ஒருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை. அதுசமயம், இன்னொரு கோஷ்டி வலப்பக்கத்தில் வந்து, இவர்களைவிட மணிக்கு ஒரு கிலோமீட்டர் அதிக வேகத்தில் இவர்களை முந்தத் தொடங்கிற்று. இரண்டு லாரிகள் ஒன்றையொன்று முந்துவதைப் பார்த்து நொந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் ஒட்டிக்கொண்டு போவதற்குக் காரணம் இல்லாமலில்லை. முன்னவர் காற்றைப் பிளந்து கொடுத்தால் பின்னவருக்குச் சிரமத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்கிறார்கள். தனியாகப் போனால் என் போன்றவர்கள் ஹாரன் அடித்தே மணலில் இறக்கிவிடுவோம் என்பதும் வாஸ்தவந்தான். அமெரிக்காவில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தார் 1992-லேயே இதற்கு ஒரு கொள்கை வகுத்து, 'கிரிட்டிகல் மாஸ்' என்று பெயரிட்டு, மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில், ஆபீஸ் விடுகிற நேரம் பார்த்து, கூட்டமாகச் சைக்கிளில் புறப்பட்டார்கள். குறுக்குத் தெருக்களில் வருகிற கார்களுக்கு முன்னால் சிலர் சைக்கிளோடு நின்று மறித்துக்கொள்ள, மற்றவர்கள் சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டே இருப்பார்கள். லண்டனில் இதற்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று போலீஸார் வழக்காடியபோது, இது வழக்கமாக நடக்கும் ஊர்வலம், முன்னறிவிப்பு அவசியமில்லை என்று பிரபுக்கள் சபை 2008-ல் தீர்ப்பளித்துவிட்டது. அவர்களுக்காவது சாலையில் தங்கள் பாத்தியதையை நிலைநாட்டும் கொள்கை இருந்தது. நம்மவர்களுக்குக் கோவளத்துக் காபிக்கு மேல் கொள்கை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

சைக்கிளுக்கு நான் விரோதியல்ல. முனிசிபாலிட்டிக்கு வரி கட்டி, பித்தளை வில்லையை வாங்கிச் சைக்கிளில் மாட்டி, விளக்கில்லாமல் போனாலும் 'டபிள்ஸ்' போனாலும் போலீஸ்காரரிடம் அகப்பட்டு நடுங்கிய தலைமுறை என்னுடையது. இன்றைக்கும் அதே சாலையில், அதே வேளையில், பால் கேன்களை இரு புறமும் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெரியவர் மண் ஓரமாகவே மிதித்துப் போகிறார். அவருக்கு முத்திரையும் கிடையாது, தலைக்கவசமும் கிடையாது. அவரால் எந்த முகூர்த்தமும் தவறியதில்லை. பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேசச் சங்கம் விதித்திருக்க, அந்த எல்லையைத் தொடுவதற்காக லட்சக்கணக்கில் கொட்டுகிற கனவானோ, அந்தச் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டித் திருவான்மியூர் வரையில் கொண்டுவந்து, காரை யாரோ ஒருவருடைய வீட்டு வாசலை அடைத்து நிறுத்திவிட்டு, அதற்கப்பால் கார்க்காரர்களைக் கண்டால் பல்லைக் கடிக்கிறார்.

என் யோசனையைச் சொல்ல வந்தேன். அதற்குள் என் மாப்பிள்ளை டெலிபோன் செய்துவிட்டார். அவரும் சைக்கிள் வாங்கியிருக்கிறாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி வரையில் கோஷ்டியோடு போகிறாராம். தண்ணீர், வாழைப்பழம், உபரி டியூப் இவற்றையெல்லாம் ஏற்றிக்கொண்டு, பின்னால் வருகிறவர்கள் இடித்துவிடாதபடி நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டு, கோஷ்டியின் வாலை ஒட்டினாற்போல மெதுவாக ஒரு கார் வர வேண்டுமாம். மாமாவைவிட நிதானமாகக் கார் ஓட்டுகிறவர் யார் இருக்கிறார்கள் என்று அவருடைய சிநேகிதர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளையிடம் மறுத்துப் பேசுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. போக வர பெட்ரோல் யார் போடுவது என்பதைப் பற்றி அவர் இதுவரை வாய் திறக்கவில்லை.