பானெட் மாமா

நெடுஞ்சாலையில் ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கி வைத்திருக்கும் எந்தக் காரையும் கவனித்துப் பாருங்கள். ஓட்டி வந்தவர் போனும் கையுமாகக் கொஞ்சம் தள்ளி நிற்பார். பெண்களும் பிள்ளைகளும் நிழல் தேடுவார்கள். நான்குவழிச் சாலை போட்டபோதே புளியமரங்கள் போய்விட்டதால், ஊர்ப் பெயர் எழுதிய பச்சைப் பலகையின் நிழலில் வரிசையாக நிற்பார்கள். இவர்களைத் தவிர இன்னொருவர் இருப்பார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, இடுப்புவரை எஞ்சினுக்குள் குனிந்திருப்பார். அவர் மெக்கானிக் இல்லை. வண்டி அவருடையதும் இல்லை. அவர்தான் பானெட் மாமா.

எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் என் மனைவியின் பெரிய மாமா. கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அம்பாசடர் மார்க் 3 வைத்திருந்தார். அதை விற்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்பாசடர் செய்த உத்தரபாரா தொழிற்சாலையே 2014-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மாமா மட்டும் இன்னும் நிறுத்தவில்லை. உலகத்தில் ஓடுகிற அத்தனை வண்டியும் அவருக்கு அம்பாசடர்தான், சிலது கொஞ்சம் மாறுவேஷத்தில் இருக்கிறது என்று நினைப்பு.

பயணம் கிளம்பும் அன்று காலையிலேயே அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். எல்லோரும் பையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் காரை ஒரு பிரதட்சிணம் வருவார். நான்கு டயரையும் செருப்புக் காலால் ஒவ்வோர் உதை. நான்காவது உதைக்குப் பிறகு, "ம்..." என்பார். அந்த "ம்" எதற்கும் பொருந்தும். வண்டி ஒழுங்காக ஊர் போய்ச் சேர்ந்தால் அது ஆசீர்வாதம். வழியில் நின்றால் முன்னெச்சரிக்கை.

போன மே மாதம் குலதெய்வம் கோயிலில் என் பையனுக்கு மொட்டை, காதுகுத்து. சென்னையிலிருந்து சங்கரன்கோவில் பக்கம் போக வேண்டும். திருச்சி தாண்டும்வரை வண்டி தண்ணீர்போல ஓடியது. விராலிமலைக்குக் கொஞ்சம் முன்னால் சாலை வேலை. ஒரே தடத்தில் லாரிகளுக்குப் பின்னால் கால் மணி நேரம் ஊர்ந்தோம். முதலில் ஏசியில் குளிர் குறைந்தது. அப்புறம் வெப்பமானி முள் மேலே ஏறியது. அதற்கும் அப்புறம் பானெட் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி.

"மாப்ளே, ஓரங்கட்டுங்க!" பின்சீட்டிலிருந்து வந்த அந்தக் குரலில் கவலை துளியும் இல்லை. மேடைக்கு அழைக்கப்பட்டவரின் குரல் அது.

இறங்கியதும் முதல் வாக்கியம், நீங்கள் நினைப்பதுதான். "நான் அப்பவே சொன்னேன். பாடாலூர்ல டீ குடிச்சிட்டுக் கெளம்பும்போதே ஒரு சத்தம் கேட்டுச்சு. கறக் கறக்னு." பாடாலூரிலிருந்து பின்சீட்டில் பிள்ளைகள் தட்டை தின்றுகொண்டு வந்தார்கள். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பானெட் மாமாவின் வைத்தியத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் "பெட்ரோல் இருக்கா?" என்று கேட்பார். ஆவி கக்கிக்கொண்டு நிற்கிற வண்டியிடமும் இதுதான் முதல் கேள்வி. அடுத்து ஒரு கல்லைத் தேடி எடுத்து பேட்டரி டெர்மினலில் இரண்டு தட்டு. பிறகு, "ஸ்டார்ட் பண்ணுங்க... நிறுத்துங்க... பண்ணுங்க... போதும் போதும்!" ஆவி வரும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று நான் மறுத்ததை அவர் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார். சரி, உள்ளேயாவது பார்ப்போம் என்று குனிந்தார்.

உள்ளே எஞ்சினே தெரியவில்லை. பெரிய கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று, அதன்மேல் கம்பெனியின் முத்திரை. நடை சாத்திய கோயில் வாசலில் நிற்பவர்போல மாமா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கார்புரேட்டர் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். டிஸ்ட்ரிபியூட்டர்? அதுவும் இல்லை. "அப்புறம் எதை நம்பி மாப்ளே இத்தனை லட்சம் குடுத்து வாங்குனீங்க?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்பாசடரின் பானெட்டைத் திறந்தால் பிளக், கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பதுபோலத் தனித்தனியாகத் தெரியும். வண்டி அடிக்கடி நிற்கும். ஆனால் நின்ற காரணத்தை ஒளிக்காது. கோடை வெயிலில் எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். மாமாவின் பெரும்புகழெல்லாம் அந்த ஈரத்துணியால் கட்டியதுதான்.

அன்றும், "ஒரு துணிய நனைச்சுக் குடுங்க" என்றார். பையனின் டர்க்கி டவலை நனைத்துக் கொடுத்தோம். எங்கே போடுவது? இப்போதெல்லாம் பெட்ரோல் பம்ப் பின்னால் டேங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. மாமா டவலோடு வலப்பக்கம் வந்தார், இடப்பக்கம் போனார், பிளாஸ்டிக் மூடி மேல் ஒருதரம் வைத்து எடுத்தார். கடைசியில், மதியம் ஒரு மணி வெயில், தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். அன்றைக்கு அந்த வைத்தியத்தால் சூடு தணிந்தது அவருக்கு மட்டும்தான்.

அடுத்த விபரீதம் ரேடியேட்டர் மூடி. "தொறந்து ரெண்டு பாட்டில் தண்ணி ஊத்துனா முடிஞ்சுது" என்று கையை நீட்டினார். பச்சைப் பலகை நிழலிலிருந்து அத்தை எழுந்தே வந்துவிட்டார். "திண்டிவனத்துக்கிட்ட இப்படித்தான் தொறந்தீங்க. கையில தழும்பு இன்னும் இருக்கு. குக்கர் வெயிட்டையே ஆவி போகட்டும்னு காத்திருந்து எடுக்கறவ நான். கையை எடுங்க." அத்தை டிரைவிங் லைசென்ஸ் வாங்கியதில்லை. ஆனால் விஷயம் சரி. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் அந்தத் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகினால் அழுத்தம் விட்டு, அவ்வளவும் ஒரே பாய்ச்சலாக முகத்தில் அடிக்கும்.

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நடுக்காட்டில் நின்றாலும் ஐந்து நிமிஷத்தில் நாலு பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு, "ஏர்லாக்கா இருக்கும்" என்றார். மொபெட்டில் வந்தவர், "ஏர்லாக்கேதான்" என்றார். ஏர்லாக் டீசல் வண்டிக்கு வருகிற வியாதி. என் வண்டி பெட்ரோல். அதை யாரும் கேட்கவில்லை. ஒரு லாரிக்காரர் மட்டும் வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் போனார். விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாமாவுக்கு அந்தக் கூட்டம் கண்டதும் தெம்பு வந்தது. விராலிமலை முருகனுக்குச் சுருட்டு படைக்கிற வழக்கத்தைப் பெரியவர் எடுத்துக் கொடுக்க, மாமா பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா மாப்ளே? மலையடிவாரத்துல நிறுத்திக் கும்பிட்டுப் போவோம்னு நெனச்சேன். சொல்றதுக்குள்ள அவரே சுருட்டப் பத்த வெச்சுக் காட்டிட்டாரு." பானெட்டிலிருந்து வந்த ஆவிக்கு இதைவிட நல்ல விளக்கம் அதுவரை யாரும் தரவில்லை.

நான் 1033-க்குப் போன் செய்தேன். நெடுஞ்சாலை உதவி எண். "போன் பண்ணா வண்டி ஓடிருமா?" என்றார் மாமா. சாலை ரோந்து வண்டி வந்து, நாங்கள் காருக்குப் பின்னால் வைத்திருந்த கல்லையும் மரக்கிளையையும் அப்புறப்படுத்திவிட்டு, ஆரஞ்சுக் கூம்புகளை வைத்தது. அவர்களே பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டும் விட்டார்கள்.

வந்தவனுக்கு இருபது வயது இருக்கும். கழுத்தில் இயர்போன் தொங்கியது. மாமா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "யாருகிட்டத் தம்பி தொழில் கத்துக்கிட்ட?" என்றார்.

"ஐடிஐ-ல படிச்சேன் ஐயா. கொஞ்சம் நகருங்க."

கொஞ்சம் நகருங்க! ஒன்றரை மணி நேரமாக அந்த இடத்தை ஆண்டவரிடம்.

சூடு தணிந்திருந்தது. பையன் குறைந்திருந்த கூலண்டை நிரப்பி, ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போடச் சொன்னான். ஏசி போட்டால் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. "ரோட்டுல வேகமாப் போறப்ப எதிர்காத்து போதும் சார். ஊர்ந்து போனா ஃபேன் வேணும். அதான் ஏறிடுச்சு." பியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, மூடியின் உள்பக்கம் இருந்த படத்தை விரலால் தடவிப் படித்தான். தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத கறுப்பு ரிலே ஒன்றைப் பிடுங்கினான். பக்கத்திலிருந்து அதே போல் இன்னொன்றைப் பிடுங்கி அந்த இடத்தில் சொருகினான். ஃபேன் சுற்றியது. மொத்தம் ஏழு நிமிஷம்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது. மாமா மட்டும் தலையிலிருந்த டவலை எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தார். வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் பானெட் மாமாவுக்கு வேலை போய்விடுகிறது. அந்த முகத்தில் நான் கண்டது பணி ஓய்வு விழா அன்று மாலை போட்டு உட்கார வைத்தவரின் களை. ஆனாலும் ஒரு நிமிஷத்தில் தேறிவிட்டார்.

"பியூஸ்தான்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"ரிலே, மாமா."

"ரெண்டும் ஒரே குடும்பம்தான்."

பையன் நானூறு ரூபாய் கேட்டான். கொடுத்தேன். பைக்கில் ஏறும்போது திரும்பி, "சார், உங்க ஹாரன் ரிலேயத்தான் எடுத்து ஃபேனுக்குப் போட்டிருக்கேன். மதுரை போய் ஒண்ணு வாங்கிப் போட்டுக்குங்க. அதுவரைக்கும் ஹாரன் அடிக்காது" என்றான்.

நம் சாலையில் வைப்பர் இல்லாமல் போகலாம், கண்ணாடி இல்லாமல் போகலாம். ஹாரன் இல்லாமல்? நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும்போதே முன்கதவு திறந்தது. மாமா என் மனைவியைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை முழுவதும் இறக்கினார். தோள்வரை வெளியே நீட்டிக்கொண்டார்.

"போங்க மாப்ளே, நான் பாத்துக்கறேன்."

துவரங்குறிச்சியில் தடம் மாறிய டிராக்டருக்கு ஒரு குரல். கொட்டாம்பட்டியில் சாலையைக் கடந்த ஆட்டுக்கூட்டத்துக்கு ஒன்று. மேலூரில் போன் பேசிக்கொண்டே குறுக்கே வந்த பைக்காரனுக்கு, அவனுடைய தாத்தாவரை விசாரித்து நீளமாக ஒன்று. எந்தக் கம்பெனி ஹாரனிலும் அத்தனை சுருதி கிடையாது. ஒத்தக்கடை தாண்டும்போது அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இருந்தும் கையால் கதவைத் தட்டிக்கொண்டே வந்தார்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கடையில் ரிலே கிடைத்தது. 180 ரூபாய். சொருகிவிட்டு ஹாரனை ஒருமுறை அடித்துப் பார்த்தேன். நன்றாக அடித்தது. மாமா ஒன்றும் பேசாமல் இறங்கி, பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.