பாலில் குடியிருப்பது யார்?

வைரஸை ஏவி பாக்டீரியாவை அடையாளம் காணலாம் என்கிறார்களே, நிஜமா?
*கேன்டீன் மேற்பார்வையாளர், பிள்ளைப்பாக்கம் சிப்காட்*

நிஜம்தான். பாக்டீரியாவையே தின்று வாழும் வைரஸ்கள் உண்டு. 1915இல் லண்டனில் ட்வார்ட்டும், 1917இல் பாரிஸில் தெரேலும் அவற்றைக் கண்டறிந்தார்கள். பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்டவர் தெரேல். நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1896லேயே ஆக்ராவில் இருந்த ஆய்வாளர் ஹாங்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி செத்துப்போவதையும், கொதிக்க வைத்த நீருக்கு அந்தச் சக்தி இல்லாததையும் எழுதிவைத்தார்.

சொந்தத்தில்தான் பெண் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கும் குடும்பம் போன்றது பேஜ். ஒரே இனத்து பாக்டீரியாவிலும் சில வகைகளை மட்டுமே தொடும். அந்தப் பிடிவாதம்தான் ஆய்வாளருக்குக் கருவி.

பாலில் இதை எப்படிச் செய்கிறார்கள்?
*பால் சொசைட்டி ஊழியர், ஸ்ரீபெரும்புதூர்*

ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸை எடுத்துக்கொள்வோம். மடிநோய் கண்ட பசுவின் பாலில் அடிக்கடி அகப்படும் ஆசாமி. முதலில் பாலிலிருந்து அதைத் தனியே பிரித்து வளர்க்க வேண்டும். பிறகு அகர் தட்டு முழுக்கப் பரப்பி, தட்டின் அடியில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு பேஜ் வீதம் சொட்டு வைப்பார்கள். ஒவ்வொரு பேஜுக்கும் ஓர் எண் உண்டு. 30 டிகிரியில் ஓர் இரவு விட்டால், பேஜ் ஜெயித்த கட்டத்தில் பாக்டீரியாப் படலம் கரைந்து தெளிந்திருக்கும். 29, 52, 80 கட்டங்கள் தெளிந்திருந்தால், அந்தக் கிருமியின் விலாசம் 29/52/80.

சொட்டின் வீரியத்தில்தான் சூட்சுமம். அது அதிகமானால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. அதனால் ஒவ்வொரு பேஜையும் எவ்வளவு நீர்க்க வைப்பது என்பதை முன்பே அளந்து முடிவு செய்வார்கள். பொறுமையான வேலை. அதைச் செய்பவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை.

பால் கெட்டால் பழி மாட்டு மடிக்கா, கறப்பவர் கைக்கா?
*மாடு வளர்ப்பவர், ஒரகடம்*

அந்த வழக்கைத் தீர்க்கத்தான் இந்த முறை உதவியது. பசுவிடமிருந்து பிரித்த வகைகளில் 42டி என்ற பேஜுக்குக் கரைபவை அடிக்கடி தென்பட்டன. மனிதரின் மூக்கிலும் புண்ணிலும் இருப்பவை பெரும்பாலும் வேறு எண்களுக்குக் கரைந்தன. பாலில் கண்ட எண் வரிசையும் கறப்பவரின் கைப்புண்ணில் கண்டதும் ஒன்றானால், மாட்டின் மேல் பழி போட வழியில்லை. ஆனால் எந்தப் பேஜுக்கும் கரையாத கிருமிகளும் உண்டு. அங்கே இந்த முறை கைவிரித்துவிடும்.

கன்று வீச்சு நோயையும் இப்படிக் கண்டுபிடிக்கலாமா?
*வாசகி, காஞ்சிபுரம்*

அந்தக் கிருமி புருசெல்லா. ஜார்ஜியாவின் திபிலிசி நகரப் பெயரைத் தாங்கிய பேஜ் ஒன்று, நீர்த்த அளவில் மாட்டில் வரும் புருசெல்லா அபார்டஸைக் கரைக்கும். ஆட்டில் வரும் மெலிடென்சிஸைத் தொடாது. உங்கள் வீட்டில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்று இருந்தால் தடுப்பூசி முகாமுக்கு அவசியம் ஓட்டிப் போங்கள்.

இப்போதும் இந்த முறை இருக்கிறதா?
*கல்லூரி மாணவர், வேப்பேரி*

டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி ஸ்டாஃபைலோகாக்கஸுக்கும், லேடி ஹார்டிஞ்ச் கல்லூரி சால்மொனெல்லாவுக்கும் நாட்டின் மையங்களாக இருந்து இதைச் செய்தன. இன்று மரபணு வரிசையைப் படிப்பது நுட்பமானது, அதற்கே முதலிடம். ஆனாலும் ஒரு மாணவர் தட்டில் தெளியும் அந்த வட்டத்தை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பேன்.

நன்றாகக் காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும்தானே?
*ஷிப்ட் தொழிலாளி, பிள்ளைப்பாக்கம்*

கிருமி சாகும். அது முன்பே பாலில் விட்ட நஞ்சு சாகாது. 2000இல் ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் பாலைக் குடித்து 13,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். ஹொக்கைடோவில் இருந்த ஆலையில் மின்சாரம் தடைப்பட்டு, பால் சூடாகவே நின்ற நேரத்தில் ஸ்டாஃபைலோகாக்கஸ் பெருகியது. பின்னால் சூடாக்கியதில் கிருமி செத்தது. ஆனால் அந்தப் பாலில் செய்த பவுடரில் நஞ்சு தங்கி, அதைக் கலந்த பாலுக்கும் வந்துவிட்டது.

ஆகவே கறந்த பாலை உடனே குளிர வையுங்கள், 4 டிகிரியில் வைத்திருங்கள். கையில் புண் இருப்பவரைக் கறக்கவோ பால் ஊற்றவோ விடாதீர்கள். ஷிப்ட் முடியும்வரை வெளியில் கிடந்த பாலைக் காய்ச்சிப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.