அத்தர் டெஸ்ட்

பேரம் வாயால் பேசுவது என்று நினைப்பவர்கள் கடைத்தெருவுக்குப் போனதே இல்லை. அது உதட்டால் நடக்கிற காரியம். விலையைக் கேட்டதும் கீழுதட்டைப் பிதுக்க வேண்டும். அதைப் பார்த்துக் கடைக்காரர் நூறு ரூபாய் இறங்குவார். 2021 ஜனவரியில், ஹைதராபாத் லாட் பஜாரில், ஒரு ஜோடி அரக்கு வளையலுக்கு என் மனைவியும் முறைப்படி பிதுக்கினாள். என்-95 மாஸ்க்குக்குள் பிதுக்கினால் யாருக்குத் தெரியும்? கடைக்காரரோ மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு, முழு முகத்தாலும் தாராளமாக வருத்தப்பட்டார். அவர் சொன்னதுதான் விலை.

கொடுக்கலாம்தான். பக்கத்திலேயே ஒருவர் கரி அடுப்பில் அரக்கை இளக்கி வளையமாக உருட்ட, இன்னொருவர் அது இறுகுவதற்குள் பொடிக் கற்களை ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு பேரம் பேச எனக்கே கூச்சமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

எதிரே சார்மினார். 1591-ல் முகமது குலி குதுப் ஷா கட்டியது. கொள்ளைநோய் ஒழிந்த சந்தோஷத்தில் கட்டினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது உண்மையோ இல்லையோ, அன்று அதன் காலடியில் இருந்த கூட்டத்தைப் பார்த்தால், இந்தக் கொரோனாவும் ஒழிந்து அடுத்த மினாருக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது என்றே தோன்றும். ஆறடி இடைவெளி விடச் சொல்லி ஒலிபெருக்கி கத்தியது. அந்தச் சந்துகளில் சிலவற்றின் அகலமே ஆறடிதான்.

வம்பு அத்தர் கடையில் காத்திருந்தது. வாசலிலேயே ஒரு பையன் கையில் சானிடைசர் ஊற்றினான். உள்ளே பெரியவர் கண்ணாடிக் குச்சியால் அதே கையின் மேல் அத்தரைத் தீற்றி, "மோந்து பாருங்க" என்றார். மாஸ்க்கை ஒழுங்காகப் போடு என்று போனைத் தொட்டாலே ஒரு குரல் பாடம் எடுத்த காலம் அது. மாஸ்க்கை இறக்கி மோந்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். ஊஹூம். வாசனை தெரியாமல் போவதும் கொரோனாவுக்கு ஓர் அறிகுறி.

மனைவி என் கையை மோந்துவிட்டு, "நல்லா வருதே" என்றாள். சொன்ன கையோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். அந்தப் பழைய நகரில் அன்று சமூக இடைவெளியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவள் அவள் ஒருத்திதான்.

எனக்கு வேர்த்தது. தொண்டை கரகரக்கிற மாதிரிகூட இருந்தது. பெரியவர் அலட்டிக்கொள்ளவில்லை. "அது கஸ்தூரி வாசனை. சில மூக்குக்கு எட்டாது" என்று சொல்லி இன்னொரு குப்பியைத் திறந்தார். கன்னோஜிலிருந்து வரும் மண் அத்தர். சுட்ட மண்ணின் வாசனையை ஆவியில் வடித்து சந்தனத் தைலத்தில் இறக்குவார்களாம். மோந்தேன். கோடை மழையின் முதல் தூறல் அப்படியே மூக்கில் ஏறியது.

"வருது! வருது!" என்று கடையிலேயே கத்திவிட்டேன்.

"லேப்ல குடுத்தா ரிசல்ட்டுக்குக் காத்திருக்கணும். இங்கே உடனே" என்று குப்பியைப் பொட்டலம் கட்டத் தொடங்கினார். விலையைக் கேட்டபோது பிதுக்க எனக்கு உதடு வரவில்லை.

திரும்பும் ரயிலில் ஏசி பெட்டியில் கம்பளி கிடையாது. தொற்றுக்குப் பயந்து நிறுத்தியிருந்தார்கள். கொண்டுபோன போர்வையில் குப்பி லேசாகக் கசிந்து பெட்டியே மணத்தது. எதிர் பெர்த்துக்காரர் சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ மாஸ்க்கை இறக்கி நன்றாக மூச்சிழுத்துவிட்டுத் தன் மனைவியை எழுப்பினார்.

"ஏய், எனக்கு ஒண்ணும் இல்லடி. வாசனை தெரியுது. எந்திரிச்சு நீயும் பாத்துக்க."