பேய்க்கு 'ஏ', மாமியாளுக்கு என்ன?

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. ஏதோ படத்துல ரெண்டு பேரு முத்தம் குடுத்துட்டாகன்னு காலையில இருந்து போனைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கொதிக்கியாமே? பண்பாடு போச்சுன்னு எழுதி, அடியில நாலு தீப்பொம்மை வேற ஒட்டியிருக்கியாம். சரி, அந்தப் பண்பாட்டை நீ கடைசியா எப்பப் பாத்தே?

உங்கூட்டாளி ஒனக்கு மேல. தமிழ் சினிமாவுல இப்பத்தான் துணிஞ்சு எடுக்காகன்னு மார்தட்டுதான். இப்பத்தானா? 1937லயே 'அம்பிகாபதி' வந்துட்டுதுலே. பாகவதரும் சந்தானலட்சுமியும் அதுல கொஞ்சாத கொஞ்சலா! எடுத்தவரு எல்லிஸ் டங்கன்னு ஒரு அமெரிக்காக்காரரு. தமிழே தெரியாது மனுசனுக்கு. அவரே 1950ல 'பொன்முடி' எடுத்தாரு. காதல் காட்சி ரொம்ப நெருக்கம்னு ஏசினாக. ஏசினவுக பாக்காமலா ஏசினாக?

பெறகு நம்ம ஆளுக சூதானமாயிட்டாக. சோடி கிட்ட வந்துட்டா கேமரா மரத்துல ஏறிக்கிடும். ரெண்டு பூவு முட்டிக்கிடும். ரெண்டு கிளி மூக்கை உரசும். அடுத்த சீன்ல அந்தப் புள்ளை வாயைப் பொத்திக்கிட்டு ஓடுவா. பூவு முட்டினா புள்ளை உண்டாகும்னுல்லா ஒரு தலைமொறையே படிச்சு வளந்துச்சு!

சென்சார் கூத்து அதைவிடப் பெருசு. தமிழ்ல மொத மொதல்ல 'ஏ' சர்டிபிகேட்டு வாங்குன படம் எது, சொல்லு பாப்போம்? இளிக்காதே. நீ நெனைக்கிறது இல்லே. 1951ல வந்த எம்.ஜி.ஆர். படம், 'மர்மயோகி'. அதுல பேய் வருதுலே. பேய்க்குத்தான் 'ஏ'!

வள்ளுவர் தாடியைப் பாத்துக் கும்புடுதியே, அவரு எழுதுன 1330ல 250 காமத்துப்பால். எங்க வாத்தியாரு அறத்துக்கும் பொருளுக்கும் பெரம்பை எடுப்பாரு. மூணாவது வந்தா பொஸ்தகத்தை மூடிருவாரு. கோயில் தேரை வடம் பிடிச்சு இழுக்கேல்லா? மேல சாமியைக் கும்புட்டவன், கீழ மரத்துல என்னென்ன செதுக்கி வச்சிருக்காகன்னு ஒருநாளாச்சும் குனிஞ்சு பாரு. கிழடுகெட்டைக திண்ணையில பேசுன அந்த மாதிரிக் கதைகளைத் தேடிச் சேத்து, 'வயது வந்தவர்களுக்கு மட்டும்'னு கரிசக்காட்டுக் கி.ராஜநாராயணன் பொஸ்தகமாவே போட்டாரு. அதுக்காக எந்த ஊருத் தேரும் குடை சாயலயே!

ராத்திரியானா நம்ம வீட்டு டிவியில என்ன ஓடுது? புருசனுக்கு ரெண்டு வீடு. பட்டுச்சேலையும் நகையுமாத் தூங்குற மாமியா, முழிச்சதும் மருமவ பால்ல விசத்தைக் கலக்குதா. நாத்தனாரு கதவிடுக்குல நின்னு ஒட்டுக் கேக்கா. முத்தம் மட்டும் கெடையாது. அதனால குடும்பத்தோட பாக்கலாமாம்! ஒங்க ஆச்சி மடியில ஒக்காந்து ஒந் தங்கச்சி மக கண்ணு கொட்டாமப் பாக்குதா. சினிமா மாதிரி இது சென்சாருக்குப் போறதும் இல்லே.

இப்ப சினிமாவுக்கு 'யூஏ'வையே 7, 13, 16ன்னு வயசுவாரியாப் பிரிச்சுட்டாகளாம். நீதான் படிச்சவனாச்சே. பால்ல விசம் கலக்குற அந்தப் பட்டுச்சேலைக்காரியை எந்த வயசுலலே சேர்ப்பே?